கணீர் எடுத்து ஒட்டுகிறார்

விரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார் கணீர். அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் திரை நழுவி ஓடிவிடும். கூடிப்போனால் வேறு ஏதோ பட்டியல் வந்து முன்னால் நிற்கும். சரியான அளவு விழுந்ததும் ஒரு சொல்லின் மேல் நீலம் பரவுகிறது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு குமிழ்கள் முளைக்கின்றன. ஒன்றை வாக்கியத்தின் தலைமாட்டுக்கும் மற்றதைக் கால்மாட்டுக்கும் இழுத்துவிட்டு, மேலே எட்டிப்பார்க்கும் 'நகலெடு' என்பதைத் தட்டுகிறார். அங்கிருந்து வாசிக்கும் செயலிக்குப் போய்ச் சேரும்வரை இடது கையை இறுக்கி மூடிக்கொள்கிறார், வாக்கியம் விரலிடுக்கில் ஒழுகிவிடும் என்பதுபோல. அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை வேகமாக ஆட்டுவார். கையில் சரக்கு இருக்கிறது, குறுக்கே வராதே என்று அர்த்தம். ஒட்டிவிட்டு, ஒலிக்கும் முக்கோணத்தைத் தொட்ட பிறகுதான் அந்தக் கை திறக்கும்.

"ஆறாவது மேடையில நிக்கிற வண்டி அஞ்சு நிமிஷத்துல கெளம்புது. டிக்கெட் வாங்காம ஏறினவங்க இப்பவே எறங்கி வாங்கிட்டு வந்துடுங்க. அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

பேருந்து நிலையம் முழுக்க இளம்பெண் குரலில் இப்படி அறிவிப்பவருக்கு வயது ஐம்பத்தேழு. மேலுதடு தெரியாத அளவுக்கு மீசை.

நான் விசாரணைச் சன்னலில் உட்காருகிறவள். எனக்கும் அவருடைய அறிவிப்பு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பதினொரு வருடமாக அந்தத் தடுப்பு அதிர்ந்துகொண்டே இருந்தது. மைக் கெட்டுப்போன நாட்களில்கூட அவர் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் போதும், கடைசி மேடையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். கணீர் என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் ஒரு கட்டி. கட்டியை எடுத்தவர்கள் குரலையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் அவரிடம் சொன்னோம். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன், மறைப்பானேன்.

அவர் வேலைக்குத் திரும்பியபோது பட்டப்பெயரை விட்டுவிடலாமா என்று ஓட்டுநர் ஓய்வறையில் ஒரு பேச்சு எழுந்தது. கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் புண்ணைக் கிளறுகிற மாதிரி இருக்குமே என்று பயந்தார்கள். மறுநாள் அந்த அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "பேர மாத்தினா பல்லு ஒடையும். இப்படிக்கு, கணீர்."

அவருடைய பேச்செல்லாம் இப்போது ஒரு டேப்பில், நோட்டுப் புத்தகம் அளவுள்ள தொடுதிரைக் கணினியில், இருக்கிறது. மகள் வாங்கிக் கொடுத்தது. முதலில் அதில் பொத்தான்கள் உள்ள செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். தண்ணீர்க் குவளைப் படத்தைத் தொட்டால் "தண்ணீர் வேண்டும்" என்று சொல்லும். கட்டில் படத்தைத் தொட்டால் "களைப்பாக இருக்கிறது" என்று சொல்லும். இரண்டாம் நாளே அதை அழித்துவிட்டார். காரணம் கேட்டேன். தட்டெழுதி, எடுத்து, ஒட்டி, ஒலிக்கவிட்டார்: "அதுல அது பேசுது, தங்கச்சி. நான் சும்மா அமுக்குறேன். இதுல நானே எடுத்து நானே ஒட்டுறேன். பேசின மாதிரி இருக்கு."

இயந்திரக் குரல்களில் தமிழுக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது பெண் குரல். கணீருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவருடைய மனைவிக்குத்தான் தாங்கவில்லை. நான் அண்ணி என்று கூப்பிடுகிற அந்த அம்மாள் தையல் வேலை செய்கிறவர். பற்களுக்கிடையில் நூலைக் கடித்துக்கொண்டே சண்டை போடத் தெரிந்தவர். அந்தக் குரலுக்கு அவர் வைத்த பெயர் 'சின்னவ'. "எங்கிட்ட கேக்காதம்மா. இப்பல்லாம் வீட்டுல பேசுறது அவதான். சின்னவளையே கேட்டுக்கோ," என்பார். சின்னவள் பேசத் தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு அம்மாள் என் சன்னலுக்கு வந்து, தயங்கித் தயங்கி, மைக்கில் பேசுகிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். தங்கமான குரலாம், மகனுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். பலகைக்கு அந்தப் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த கணீர் எழுந்து வந்து சன்னலில் தலையை நீட்டி, மீசையைத் தடவிக்கொண்டு கும்பிட்டார். அந்த அம்மாள் ஏறவேண்டிய வண்டியை விட்டுவிட்டுச் சிரித்தார்.

டேப்பில் 'பேச்சு' என்று ஓர் உறை. அதற்குள் கோப்புகள்: வண்டி, வீடு, கடை, சண்டை. 'சண்டை' கோப்பில் நாற்பத்தொரு வாக்கியங்கள் இருக்கின்றன. எல்லாம் நல்ல மனநிலையில், சாவகாசமாக உட்கார்ந்து எழுதி வைத்தவை. ஆனால் சண்டை வருகிற நேரத்தில் பொருத்தமான வாக்கியம் கைக்குச் சிக்காது. அவர் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருக்க, அண்ணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார். "தேடுங்க, நல்லாத் தேடுங்க. நான் அதுக்குள்ள அடுப்ப அணைச்சிட்டு வரேன்." இதற்கு அவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அது அநியாயம். அண்ணி அலைபேசியில் அனுப்புகிற திட்டுகளையெல்லாம் அப்படியே எடுத்து ஒரு கோப்பில் சேர்த்து வைத்தார். என்றாவது அண்ணி எதையாவது மறந்துவிட்டு வந்தால், "மூளைய எங்க அடகு வச்சீங்க?" என்ற அண்ணியின் வாக்கியமே சின்னவள் குரலில் வரும். "என் வாயில வந்தத எடுத்து எனக்கே ஒட்டுறீங்களா? நல்லா இருப்பீங்களா?" என்று அண்ணி கத்துவதை நான் அலைபேசியில் கேட்டிருக்கிறேன். அதையும் அவர் சேர்த்து வைத்திருப்பார்.

உறைகளை நகலெடுப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். டேப்பில் 'பேச்சு', 'பேச்சு நகல்', 'பேச்சு நகல் நகல்' என்று மூன்று இருக்கின்றன. அண்ணியின் அலைபேசியில் ஒன்று, என் மேசைக் கணினியில் ஒன்று, நகத்தளவு அட்டையில் ஏற்றி பீரோவில் வைத்திருப்பது ஒன்று. எதற்கு இத்தனை என்று ஒரு நாள் கேலி செய்தேன். அவர் எழுதிக் காட்டிய பதிலைச் சின்னவளிடம் கொடுக்கவில்லை, திரையில் நானே படித்தேன். "ஒரு தடவ தொலைச்சவன் நான்." அதற்கப்புறம் நான் அந்தக் கேலியைச் செய்வதில்லை.

பேருந்து அறிவிப்பு இந்த முறைக்கென்றே பிறந்த வேலை. அதே வண்டி, அதே மேடை, அதே தாமதம். எடுக்கவும் ஒட்டவும் அவருக்கு நேரம் இருக்கிறது. ஆனால் கணீர் என்ற பெயரை ஊர் முழுக்கக் கொண்டுபோனது பேருந்து நிலையம் அல்ல, அதன் பின்னால் இருக்கும் கால்பந்து மைதானம். இருபத்தெட்டு வருடம் விடுமுறை நாள் தவறாமல் அங்கே வர்ணனை செய்தார். அங்கே ஒரு செங்கல் மேடை, தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு மைக். பந்து வலையைத் தொடும் முன் அவர் குரல் வலையைத் தொட்டிருக்கும் என்பார்கள். அவருடைய "கோல்" மட்டும் ஒரு மூச்சு நீளம் வரும். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகள் தாங்களும் மூச்சைப் பிடித்துப் பார்த்துத் தோற்றுப்போவார்கள். கடந்த இரண்டு வருடமாக அந்த மேசை காலி. ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் மைதானக் கமிட்டிச் செயலாளரைப் போய்ப் பார்த்தார். செயலாளர் பெயின்ட் கடைக்காரர், நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். நல்ல மனிதர், அதனால்தான் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. பந்து ஓடிக்கிட்டு இருக்கும், நீங்க தேடிக்கிட்டு இருப்பீங்க. சனம் என்ன பண்ணும்? சரி, ஒரே ஒரு ஆட்டம் பார்ப்போம். சரிவரலைன்னா பாட்டே இருந்துட்டுப் போகட்டும்."

இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரே ஓர் ஆட்டம்! எனக்குக் கோபம் வந்தது. கணீருக்கோ தலைகால் புரியவில்லை. அன்றே 'மைதானம்' என்று ஒரு கோப்பைத் திறந்துவிட்டார்.

முதல் தடை கோல்தான். பழைய மாதிரி நீட்டி வரவேண்டும் என்று "கோஓஓஓஓல்" என்று எழுதிக் கொடுத்தால், சின்னவள் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வாசித்தாள். ஆச்சரியக்குறி பத்துப் போட்டும் அசையவில்லை. நான்கு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தவர், ஐந்தாம் நாள் மத்தியானம் பலகைத் தடுப்பைப் படபடவென்று தட்டினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், ஒட்டும் இடத்தில் விரலால் குத்திக்கொண்டே இருந்தார். கோல் என்று ஒரே ஒரு சொல்லை எடுத்திருக்கிறார். அதை ஒட்டினார், ஒட்டினார், மேலும் மேலும் ஒட்டினார். பிறகு முக்கோணத்தைத் தொட்டார்.

"கோல் கோல் கோல் கோல் கோல் கோல் கோல் கோல்!"

சின்னவளுக்கு மூச்சு வாங்கவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. நீட்டத் தெரியாதவளை அடுக்க வைத்துவிட்டார் மனுஷர். நடத்துநர் ஒருவர் வெளியே இருந்து "யாரு அடிச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

அதற்கு ஒரு கணக்கும் வைத்தார். அன்று சாயங்காலம் சின்னவள் எனக்கு விளக்கினாள்: "கார்னர்னா மூணு. கம்பத்துல பட்டுத் திரும்பினா அஞ்சு. கோல்னா, கோலப் பொறுத்து. சும்மா உருண்டு உள்ள போச்சுன்னா ஆறு. பார்த்தவன் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிற கோல்னா பன்னெண்டு."

"பன்னெண்டையும் முன்கூட்டியே அடுக்கி ஒரே துண்டா எடுத்து வெச்சுக்கலாமே அண்ணே? நேரம் மிச்சம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாவம் ஏதோ செய்துவிட்டேன் என்று தெரிந்தது. பதில் வந்தது: "ரெடிமேட் சந்தோஷமா? அத நீயே வச்சுக்கோ, தங்கச்சி."

ஆட்ட நாள் வந்தது. எங்கள் பக்கத்து அணிக்கு நீலச் சட்டை, எதிரணிக்கு மஞ்சள். எனக்குக் கால்பந்தில் பந்து உருண்டை என்பது மட்டும் தெரியும். ஆனாலும் கோல் விழும் நேரத்தைக் குறிக்கிறேன் என்று சொல்லி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் இருந்தால் நகத்தைக் கடித்தே தீர்த்திருப்பேன். நானூறு பேர் இருக்கும். பாதிப் பேர் ஆட்டத்துக்கு வந்தவர்கள், மீதிப் பேர் கணீர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வந்தவர்கள். ஆட்டம் தொடங்கும் முன் மேகம் கறுத்தது. கணீர் ஒரு தடவை வானத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மைக்கை டேப்பின் ஓரத்தில் சாய்த்து வைத்தார்.

ஆரம்பம் அமர்க்களம். "நீலம் உதைக்குது. மஞ்சள் மறிக்குது. ஏழாம் நம்பர் கிட்ட பந்து போகுது, இனிமே யாரும் கண்ண மூடாதீங்க." கூட்டம் கைதட்டியது. சின்னவள் பேசி முடிப்பதற்குள் பந்து வேறு இடத்துக்குப் போய்விடுவது உண்மைதான். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பந்து வெளியே போன ஓர் இடைவெளியில் கணீர் 'வீடு' கோப்பைத் திறந்து ஒரு வாக்கியத்தை எடுத்து அண்ணிக்கு அனுப்பினார். பந்து உள்ளே வந்த கையோடு, இருபத்திரண்டாவது நிமிடத்தில், நீலச் சட்டை ஏழாம் நம்பர் இரண்டு பேரைத் தாண்டி, உடம்பைத் திருப்பி, இடது காலால் ஓர் அடி அடித்தான். எனக்கே தெரிந்தது, அது பன்னிரண்டு.

கணீரின் கண் வலையை விட்டு அகலவில்லை. விரல் மட்டும் கோல் என்ற சொல்லைத் தேடி அழுத்தியது, நகலெடு என்பதைத் தட்டியது, செயலிக்குப் போய் ஒட்டத் தொடங்கியது. பன்னிரண்டு தடவை ஒட்டினார். திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் தளும்பியது. முக்கோணத்தைத் தொட்டார்.

"மாடியில காயுற துணிய எடுத்துடு. மழ வர்ற மாதிரி இருக்கு. மாடியில காயுற துணிய எடுத்துடு. மழ வர்ற மாதிரி இருக்கு. மாடியில காயுற துணிய..."

வியர்த்த விரல். நகலெடு என்பது சரியாக விழவில்லை. அந்த டேப் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கும். புதிது ஏறாததால் பழையதே இருந்திருக்கிறது. அவர் அடித்துப்பிடித்து நிறுத்துவதற்குள் ஏழு தடவை துணி எடுக்கச் சொல்லியாகிவிட்டது. நானூறு பேரும் முதலில் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள மாடிகளில் பெண்களும் ஆண்களும் ஓடிவந்து கொடிகளை உருவினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் தெரு முழுக்க ஒரு கைக்குட்டைகூட மிச்சமில்லை. கோல் அடித்த ஏழாம் நம்பர் இரண்டு கையையும் விரித்தபடி, என்னப்பா இது என்பதுபோல் நின்றான். பிறகு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், நடுவர் ஊதல் ஊதுவதற்கு ஐந்து நிமிடம் பிடித்தது. மேகம் கலைந்து வெயில் வேறு அடித்தது.

கணீர் சிரிக்கவில்லை. டேப்பைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். இடைவேளைவரை அது அப்படியே கிடந்தது.

இடைவேளையில் இரண்டு பேர் மேடைக்கு வந்தார்கள். முதலில் அண்ணி, தோளில் அளவு நாடாவோடு, மூச்சிரைக்க. "எடுத்துட்டேன்னு அப்பவே பதில் போட்டேன்ல? அப்புறம் எதுக்கு மைக்ல ஏழு தடவ? தெருவே என்னப் பார்த்துச் சிரிக்குது!" சொல்லிக்கொண்டே புருஷன் முகத்தைப் பார்த்தவர், பாதியில் நிறுத்திவிட்டு மேசை மேல் இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். இரண்டாவதாகச் செயலாளர். அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் வந்த வேலையை மறக்கவும் இல்லை. "போதும் அண்ணே. உங்களக் கஷ்டப்படுத்தி நாங்க பார்க்கணுமா? பாட்டு போட்டுடறேன்."

கணீர் டேப்பை நிமிர்த்தினார். எடுக்கவில்லை, ஒட்டவில்லை, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். சின்னவள் படித்தாள்: "ஒரு ஆட்டம்னு சொன்னீங்க. அர ஆட்டம்னு சொல்லல."

செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "சரி. முழுசாவே முடிங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தக் குரலில் நம்பிக்கை துளியும் இல்லை.

கணீர் என் அலைபேசியைச் சுட்டிக்காட்டி, நொடி எண்ணும்படி சைகை செய்தார். அழுத்தினார், இழுத்தார், எடுத்தார், மாற்றினார், பன்னிரண்டு தடவை ஒட்டினார். ஒன்பது நொடி. மறுபடி செய்தார், அதே ஒன்பது. முக்கோணத்தைத் தொட்ட பிறகு சின்னவள் வாய் திறக்க இன்னொரு நொடி. காலி மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து வலைவரை விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்து அளந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எழுதினார்: "அப்ப நான் லேட்டு இல்ல, தங்கச்சி. லேட்டா எடுக்குறேன். கோல் விழுந்தப்புறம் எதுக்கு எடுக்கணும்? இருபத்தெட்டு வருஷமாப் பார்க்குறேன். விழப்போறது எனக்குத் தெரியாதா?"

இரண்டாம் பாதியில் அவர் பந்தைப் பார்க்கவில்லை. பந்து இல்லாத இடத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்தார், எதிரணிப் பின்வரிசையில் யார் இடுப்பில் கைவைத்து நிற்கிறான் என்று பார்த்தார். வாயோரம் சத்தமில்லாமல் ஏதோ அசைந்தது. பந்து நடு மைதானத்தில் கிடந்தபோது அவர் விரல் 'கார்னர்' என்ற சொல்லை அழுத்தி எடுத்தது. மூன்று தடவை ஒட்டியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சற்று நேரத்தில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பதறிப்போய்ப் பந்தைத் தன் கோட்டுக்கு வெளியே தட்டிவிட, அதே நொடியில் ஒலிபெருக்கி, "கார்னர் கார்னர் கார்னர்!" என்றது.

எங்கள் பின்னால் நின்ற நடத்துநர் ஒருவர் இதைக் கவனித்துவிட்டார். "டேய், பந்து வெளிய போறதுக்கு முன்னாடியே அண்ணன் எடுத்துட்டாருடா!"

அவ்வளவுதான். பத்து பேர் மேடைக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அந்தப் பத்து, முப்பது பேராயிற்று. அறுபதாவது நிமிடத்தில் 'கம்பம்' எடுத்தார், பந்து போய்க் கம்பத்தில் டங்கென்று மோதியது, ஐந்து. பின்னால் நின்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள். இப்போது பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன எடுக்கிறார் என்று முன்வரிசை சொல்ல, அது வாய்க்கு வாய் மாறிக் கடைசிவரைக்கும் போயிற்று. ஒரு தடவை கோல் எடுத்து நான்கு ஒட்டிவிட்டார். ஏழாம் நம்பர் அதை ஆகாயத்தில் அடித்தான். ஒட்டியதை அழித்தார். "என்ன அண்ணே, எடுத்துட்டு இப்படி விட்டுட்டீங்க?" என்று அவரைத்தான் திட்டினார்கள், அடித்தவனை அல்ல.

எழுபத்தோராவது நிமிடத்தில் மஞ்சள் சட்டைக்காரர்கள் மூன்று பேர் இடப்பக்கமாக ஏறினார்கள். கணீரின் விரல் கோல் என்ற சொல்லின்மேல் இறங்கியது. பின்னால் ஒரே கூச்சல். "அண்ணே, வேணாம்! எடுக்காதீங்க அண்ணே!" "அது அவங்க ஆளு அண்ணே!" ஒருவர் அவர் மணிக்கட்டையே பிடித்துவிட்டார். அண்ணி அந்தக் கையை அளவு நாடாவால் ஓர் அடி அடித்து விலக்கினார். "அவரு வேலைய அவரப் பார்க்க விடுங்க!" கணீர் எடுத்தார். ஒட்டினார். எட்டு. மஞ்சள் அணி அடித்த பந்து வலைக்குள் போன அதே நொடியில் சின்னவள் எட்டு முறை கோல் என்றாள், ஒரு சொல்லும் பிசகாமல். ஒன்றுக்கு ஒன்று. நீலக் கூட்டம் அடித்தவனை விட்டுவிட்டு அவரை முறைத்தது. அவர் பொறுமையாக எழுதி ஒலிக்கவிட்டார்: "வர்றத மறைச்சா அது வர்ணனையா?"

கடைசி இரண்டு நிமிடம். ஆட்டம் சமநிலையில் நிற்கிறது. மேடைக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, என் நாற்காலியை யாரோ முழங்காலால் முட்டிக்கொண்டே இருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் செயலாளர். எப்போது ஏறி வந்தார் என்று தெரியவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுங்க அண்ணே," என்றார். "உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு எடுங்க."

கணீர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீலக் கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு வீசலாம் என்று தேடிக்கொண்டிருந்தான். வலது ஓரத்தில் ஏழாம் நம்பர் குனிந்து காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். அவனைக் காவல் காத்த மஞ்சள் சட்டைக்காரன், களைப்பில், ஓரடி தள்ளி நின்றான். எனக்கு அதில் எதுவும் தெரியவில்லை. கணீர் விரலை வைத்து அழுத்தினார்.

"எடுத்துட்டாரு!" செயலாளர் கத்தினார். "கோல எடுத்துட்டாரு!"

கோல்கீப்பர் இப்போதுதான் பந்தை வீசினான். கணீர் ஒட்டத் தொடங்கினார். பின்னால் ஒரு குரல் "ஒண்ணு" என்றது. "ரெண்டு" என்றபோது பத்துக் குரல். பந்து ஏழாம் நம்பர் காலுக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் "அஞ்சு" என்று கத்திக்கொண்டிருந்தோம், நானும்தான். ஆறில் அவன் ஒருவனைத் தாண்டினான். எட்டில் தடுமாறினான், அண்ணி என் தோளைக் கிள்ளிவிட்டார். விரல் நிற்கவில்லை. ஒன்பது, பத்து. எதிரே இன்னும் இரண்டு பேரும் கோல்கீப்பரும். பதினொன்று. பன்னிரண்டு.

ஏழாம் நம்பர் இன்னும் பந்தை உதைக்கவில்லை. உதைக்கக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தான். கணீர் முக்கோணத்தைத் தொட்டார். டேப்பை மைக்கின் முன்னால் நிமிர்த்தி வைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் கைதட்டத் தொடங்கினார்.